செத்த காலேஜும் மாலைப் பொழுதும்

எழும்பூர் அரசினர் பொருட்காட்சிச்சாலையைச் சென்னைவாசிகள் ‘செத்த காலேஜ்’ என்றழைத்தனர். விலங்குக் காட்சிச்சாலையோ அவர்கட்கு ‘உயிர் காலேஜ்’. பெயரிட்டோர் நகைச்சுவை மிக்கோரே! ஆயினும் அதனைச் செத்ததாக்குவது ஆங்குள்ள பாடஞ்செய்த விலங்குகளல்ல, அதன் கதவு அடைபடும் வேளையே என்பது என் துணிபு.

1851இல் தோன்றிய அக்காட்சிச்சாலை 1854இல் குடிபுகுந்த இடம், ‘பாந்தியன்’ எனப்பட்ட களியாட்டு மண்டபமாகும். வெள்ளைத் துரைமார் நடனமும் நாடகமும் கண்டு மகிழ்ந்த அவ்விடம் இன்று மாலை 5 மணிக்குப் பூட்டப்பெறுகின்றது. கடைச் சிப்பந்தியும் ஆலைத் தொழிலாளியும் ஓய்வு பெறுவது அதற்குப் பின்னரன்றோ? ஞாயிறு உண்டே எனின், சிப்பந்திக்கு ஞாயிறும் விற்பனை நாளே. அவ்வேளையில் அண்ணா சாலைச் சினிமாக் கொட்டகைகள் அவர்களை வருக வருகவென அழைக்கின்றன. திருவாலங்காட்டு நடராசரின் செப்புத் திருமேனியோ பூட்டிய அறையில் காண்பாரின்றி ஆடுகின்றது. சினிமாவை யான் பழித்தேனல்லேன், யானும் செல்பவனே. சிற்பத்திற்கும் ஒரு மாலைப்பொழுது கேட்கிறேன், அவ்வளவே.

விளக்கிற்கும் காவலுக்கும் செலவாகும் என்பர். ஆகுக. வாரத்தில் ஒரு நாளேனும் இரவு 8 மணிவரை திறந்து வைத்துப் பார்க்கட்டும். அவ்வளாகத்திலேயே 1896இல் எழுந்த நாடக அரங்கொன்று உளது. ஆண்டு நாடகம் காண வருவோர், திரை எழுமுன் அரைமணி நேரம் அச்செப்புத் திருமேனிகளிடையே உலவிவரலாகாதா?