கூட்டிச் சொன்னால் பொய் மெய்யாகுமா?

மருந்து விஷயத்தில் நம் மக்களிடையே இரண்டு மூடத்தனங்கள் நிலவுகின்றன. “என் மாமனுக்குக் குணமாயிற்று, ஆகவே உனக்கும் குணமாகும்” என்பது ஒன்று. “பெரிய ஆராய்ச்சியே சொல்லிவிட்டது” என்றதும் வாயடைத்து நிற்பது மற்றொன்று. முன்னது பழைய மூடத்தனம். பின்னது கோட்டும் மூக்குக்கண்ணாடியும் அணிந்து வந்திருக்கும் புது மூடத்தனம். கியா பார்ம் சந்தையில் கடை விரித்திருக்கும் தோழரும், தேயிலைத் தோட்டத்து லயத்தில் வாழும் தாய்மாரும் இவ்விரண்டிலும் சிக்கலாகாது என்றே இதனை எழுதுகின்றோம்.

ஒரே ஒரு பரிசோதனை தற்செயலாகத் தவறலாம். ஆகவே அறிஞர்கள் கேள்வியை முன்கூட்டியே வகுத்துக்கொண்டு, அது பற்றிய பரிசோதனைகள் அனைத்தையும் தேடித் திரட்டி, ஒவ்வொன்றின் யோக்கியதையையும் சோதிக்கின்றனர். இதுவே ஒழுங்குமுறை மீளாய்வு. தேறியவற்றின் முடிவுகளை நிறைக்கேற்பக் கூட்டுவது மெட்டா அனாலிசிஸ் என்னும் தொகுப்புக் கணக்கு. கொழுந்து நிறுப்பதை அறிந்த நமக்கு இது புதிதன்று. பெரிய கூடைக்குப் பெரிய நிறை. சிறிய கூடைக்குச் சிறிய நிறை. ஆனால் முற்றிய இலையையும் காம்பையும் கழிக்காமல் தராசில் ஏற்றினால், எத்தனை கூடை சேர்ந்தாலும் நல்ல தேயிலை ஆகுமா?

ஆகாது என்பதற்குக் கோவிட் காலமே சாட்சி. ஐவர்மெக்டின் என்பது புழுக்களால் வரும் நோய்களுக்குக் கொடுக்கப்படும் மருந்து. அது கோவிட் நோயாளிகளின் மரணத்தைப் பெரிதும் குறைக்கிறதென்று 2021-இல் சில தொகுப்புக் கணக்குகள் முழங்கின. அவற்றில் சேர்ந்திருந்த எகிப்து நாட்டு ஆய்வொன்றின் விவரங்களில் ஐயத்திற்கிடமான குளறுபடிகள் வெளிப்பட்டு, அவ்வாண்டு ஜூலையில் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. நம்பத்தகாத ஆய்வுகளை நீக்கிக் கூட்டியபோது, முழங்கிய பலன் மறைந்தது! கூட்டல் பிழையன்று, கூடையிற் போட்டதே பிழை.

நிற்க. நம் நாட்டிலேயே சரியான வழியில் இதனைச் சோதித்தார்கள். சிம்பாங் பூலாய் வழியாக மலையிறங்கினால் வரும் ஈப்போவின் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை வைத்தியர்கள் முன்னின்று நடத்திய அப்பரிசோதனையில், ஐம்பது வயதுக்கு மேற்பட்ட, வேறு நோய்களும் உடைய 490 பேர் சேர்க்கப்பட்டனர். யாருக்கு மருந்து, யாருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் என்பதை வைத்தியர் விருப்பம் தீர்மானிக்கவில்லை. குலுக்கல் முறை தீர்மானித்தது. 2022-இல் முடிவு வெளியாயிற்று. மருந்துண்ட 241 பேரில் 52 பேருக்கும், உண்ணாத 249 பேரில் 43 பேருக்கும் நோய் கடுமையாயிற்று. மருந்தினால் நோய் முற்றுவது தடைப்படவில்லை.

“இறந்தவர் மருந்துண்டோரில் 3, உண்ணாதோரில் 10 அல்லவா?” என்று உடனே சிலர் குதித்தெழுந்தனர். நல்ல கேள்வியே! ஆனால் இவ்வளவு சிறிய எண்களில் தற்செயலுக்கு இடமுண்டு. தொகுப்புக் கணக்கு வேண்டுவது இத்தகைய ஐயத்தைத் தீர்ப்பதற்கே. 2022-இல் காக்ரேன் அமைப்பு 3,409 பேர் அடங்கிய 11 பரிசோதனைகளை ஆராய்ந்து, கோவிட்டுக்கு இம்மருந்தைப் பயன்படுத்துவதற்கு ஆதரவான சான்றில்லை என்று கூறிற்று.

“மலிவான மருந்தென்பதால் கம்பெனிகள் அமுக்கிவிட்டன” என்பாரும் உளர். கம்பெனிகளின் இலாபவெறியை ஐயுறுவது நியாயமே. ஆயினும் டெக்ஸாமெதாசோனும் மலிவான பழைய மருந்துதானே? 1,703 கடும் நோயாளிகள் அடங்கிய 7 பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்து, இத்தகைய ஸ்டீராய்டுகள் உயிர் காக்கின்றன என்று 2020 செப்டம்பரில் அதே கணக்குமுறை அறிவிக்கவில்லையா? உலகம் அதனை ஏற்கவில்லையா? மலிவு குற்றமுமன்று, யோக்கியதாபத்திரமுமன்று.

ஆகவே தோழர்களே, “ஆராய்ச்சி” என்ற சொல்லைக் காட்டி எவனேனும் மாத்திரையோ லேகியமோ விற்க வந்தால் நான்கு கேள்விகள் கேளுங்கள். எல்லாப் பரிசோதனைகளையும் தேடினீர்களா, உமக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கினீர்களா? குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்தவை எத்தனை? கழித்தவற்றை ஏன் கழித்தீர்கள்? பணம் கொடுத்தவர் யார்? விடை தராதவனிடம் ஒரு வெள்ளியும் கொடாதீர்கள். பண்டிதன் சொன்னான் என்று நம்பியது போதும். இனிக் கணக்கைக் காட்டு என்று கேட்கத் துணியாவிட்டால், இழப்பது பணம் மட்டுமன்று; தக்க சிகிச்சை பெறவேண்டிய நாட்களும், அவற்றோடு உயிருமே ஆகும்.