கொட்டை எழுத்தும் மூன்று சுழியும்

சென்ற பொங்கல் விழாவுக்கு நம் சங்கம் அனுப்பிய அழைப்பிதழை எட்டு வயதுப் பேத்தியிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். இந்திப் பள்ளியில் படிப்பவள். தமிழை ஞாயிறு வகுப்பில்தான் எழுத்துக்கூட்டிக் கற்கிறாள். 'மண்ணின் மணம்' என்ற தலைப்பை "மன்னின் மனம்" என்று படித்தாள். கண்டிக்க வாயெடுத்தவன், கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். தப்பு அவளுடையதல்ல. கம்ப்யூட்டரில் 'போல்டு' பொத்தானை அழுத்தி ஊதிய எழுத்து! மூன்று சுழியும் இரண்டு சுழியும் ஒரே மைக்கட்டியாகக் கிடந்தன.

கொட்டை எழுத்தின்மேல் எனக்குப் பகையில்லை. ரயில்வேயில் தண்டவாளப் பிரிவில் 35 ஆண்டுகள் வேலை பார்த்தவன். தூரத்திலிருந்து படிக்கவேண்டிய பலகைகளோடு வாழ்ந்தவன். ஓய்வு பெற்றபின் அச்செழுத்துகளைப் பற்றிப் படித்ததில் என் மனத்தைப் பிடித்தது கிளாரண்டன் என்ற ஆங்கில எழுத்து. பெஞ்சமின் ஃபாக்ஸ் வெட்டிக்கொடுக்க, 1845-இல் லண்டன் ஃபேன் தெரு எழுத்து வார்ப்படச்சாலையிலிருந்து ராபர்ட் பெஸ்லி வெளியிட்டது. அதற்கு முன்பும் தடித்த எழுத்துகள் உண்டு, அவை சுவரொட்டிக்கு. இதுவோ சாதாரண எழுத்தோடு ஒரே வரியில் நின்று, ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்காட்டுவதற்கென்று செய்யப்பட்டது. அகராதியில் தலைச்சொல் மட்டும் தடித்திருக்கிறதே, அந்த வேலைக்கு. மூன்றாண்டுப் பதிவுரிமை முடிந்ததும் மற்ற வார்ப்படக்காரர்கள் நகலெடுத்துத் தள்ளினார்கள். அமெரிக்க தேசியப் பூங்காக்களின் சாலைப் பலகைகளிலும் நெடுங்காலம் இருந்தது இதுதான்.

இதன் அமைப்பைத் தண்டவாளத்தை வைத்தே சொல்லிவிடலாம். தண்டவாளத்தைக் குறுக்கே வெட்டினால் தலை, நடுச்சுவர், அடிப்பாதம் தெரியும். சுவர் பாதத்தோடு சேருமிடம் சட்டென்ற மூலையாக இராது, வளைந்து இறங்கும். மூலையாக விட்டால் பாரம் அங்கே குவிந்து விரிசல் விடும். கிளாரண்டனிலும் எழுத்தின் தண்டு கீழே வந்து, வளைந்து, தடித்த பாதமாக விரிகிறது. செரிஃப் என்பது அந்தப் பாதம்தான். தண்டைப் பருக்கவைத்தவர்கள் மெல்லிய கோடுகளை அளவோடுதான் பருக்கவிட்டிருக்கிறார்கள். அதனால் எழுத்தின் உள்ளே இருக்கும் வெள்ளை அடைபடவில்லை. என்னைக் கேட்டால், கெட்டிக்காரத்தனம் அந்த வெள்ளையில்தான் இருக்கிறது.

நம் எழுத்துக்கு அது இன்னும் அவசியம். ண, ணை, ஞ, இ, ஐ... எங்கு பார்த்தாலும் சுழி. ஆங்கிலத்தில் உள்வெள்ளை அடைந்தால் அசிங்கமாக இருக்கும், அவ்வளவே. தமிழில் மணம் மனமாகிவிடுகிறது! ஈய எழுத்துக் காலத்தில் கொட்டை எழுத்தைத் தனியாக வெட்டி வார்த்தார்கள். இன்றும் தடித்த வடிவத்தைத் தனியாக வரைந்து தரும் தமிழ் எழுத்துருக்கள் கிடைக்கின்றன. அது இல்லாத எழுத்துருவில் பொத்தானை அழுத்தினால், இயந்திரம் கோட்டை வீங்கவைக்கிறது.

"பெரியவர்களுக்குக் கண் தெரியவில்லை சார், அதனால்தான் எல்லாம் போல்டு" என்றார் செயற்குழு நண்பர் ஒருவர். எனக்கும் வயது 67. எனக்கு வேண்டியது பெரிய எழுத்து, கறுத்த எழுத்தல்ல. அந்த அழைப்பிதழில் வரவேற்புரை, நன்றியுரை, பொன்னாடை போர்த்துபவர் எல்லாமே கொட்டை எழுத்தில் இருந்தன. மண்டபம் எது, எத்தனை மணிக்கு என்பதைத்தான் தேட வேண்டியிருந்தது. எல்லா சிக்னலையும் சிவப்பாக வைத்தால் டிரைவர் என்ன செய்வார், பாவம்!

ஆசிரியர் குழுவுக்கு ஒரு வேண்டுகோள். சித்திரை மலர் அச்சுக்குப் போகுமுன், புரூஃபை ஞாயிறு வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அவர்கள் தடுக்கி விழும் எழுத்தை மாற்றுங்கள். என் பேத்தியை நானே அழைத்து வருகிறேன்.