டிராலி பெட்டியில் 47 பாம்பு

திருச்சி ஏர்போர்ட். 2023 ஜூலை கடைசி. கோலாலம்பூரிலிருந்து வந்து இறங்கிய ஒரு பயணியின் டிராலி பெட்டியைச் சுங்க அதிகாரிகள் திறந்தார்கள். வழக்கமாகத் தங்கம் சிக்குகிற இடம். அன்றைக்குச் சிக்கியது சின்னச் சின்ன டப்பாக்களில் 47 மலைப்பாம்புக் குட்டிகள். கொசுறாக இரண்டு பல்லி!

'ஆசைப்பட்டவன் வளர்த்துட்டுப் போறான், நமக்கென்ன ஸார்?' என்பீர்கள். ஃப்ளோரிடாக்காரர்களும் அப்படித்தான் இருந்தார்கள்.

அமெரிக்காவில் பர்மா மலைப்பாம்பை ஆசையாக வாங்கினார்கள். வாங்கும்போது இரண்டடி. சில வருஷத்தில் பத்தடி, பன்னிரண்டடி. கோழி போட்டுக் கட்டுப்படியாகவில்லை. வீட்டுக்காரம்மா வேறு 'அது இருக்கணுமா, நான் இருக்கணுமா' என்கிறாள். ராத்திரியோடு ராத்திரியாக எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். 1992-ல் ஆண்ட்ரூ புயல் அடித்தபோது ஒரு பாம்புப் பண்ணை நொறுங்கி இன்னும் பல தப்பியதாகவும் சொல்கிறார்கள்.

விளைவு? பாம்பு குடியேறி வெகுகாலமான தெற்குப் பகுதியில் ரோடு ரோடாகப் போய் எண்ணினார்கள். 2012-ல் வெளியான கணக்குப்படி ரக்கூன் தென்படுவது 99 சதவீதம் குறைந்துவிட்டது. முயலும் நரியும் கண்ணிலேயே படவில்லை. பாவம், அந்த ஊர் முயலுக்கு மலைப்பாம்பைக் கண்டால் ஓட வேண்டும் என்று எந்த முப்பாட்டனும் சொல்லித் தரவில்லை.

சரி, பிடித்துவிடலாமே? 2016-ல் போட்டி வைத்தார்கள். சுமார் ஆயிரம் பேர், ஒரு மாதம், 106 பாம்பு. அடுத்த வருஷம் ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் ஆள் கூப்பிட்டது எங்கிருந்து தெரியுமா? நம்ம செங்கல்பட்டிலிருந்து! மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்கள். மற்றவர்கள் காரில் உட்கார்ந்து கரையோரமாகத் தேட, இவர்கள் இறங்கி நடந்தார்கள். எச்சம், உரித்த சட்டை, ஊர்ந்த தடம். நாலு வாரத்தில் 27 பாம்பு. 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ.

இனி தஞ்சாவூருக்கு வருவோம். இங்கே பாம்புக்கு உத்தியோகமே வேறு. சம்பா சூல் கட்டும் நேரத்தில் எலி வந்து தூரை வெட்டும். மூங்கிலில் செய்த தஞ்சாவூர் கிட்டியை வரப்பில் வைத்தாலும், பகல் நேரத்தில் வளைக்குள்ளேயே புகுந்து வேட்டையாடுவது சாரைப்பாம்புதான். சம்பளம் கிடையாது, போனஸ் கிடையாது. விஷமும் கிடையாது. (அதைத்தான் நாம் கம்பெடுத்து அடிக்கிறோம்.)

நம்ம ஊர் முயலுக்கு மலைப்பாம்பு தெரியும், அதனால் ஃப்ளோரிடா கதை அப்படியே இங்கே நடக்காது என்று வாதாடலாம். ஆனால் அங்கே போன பாம்பு தனியாகப் போகவில்லை. நுரையீரலில் ஓர் ஆசிய ஒட்டுண்ணியையும் கொண்டுபோனது. உள்ளூர்ப் பாம்புகளுக்கும் அது தொற்றி, பல செத்தன. டிராலி பெட்டிக்குள் என்ன வருகிறது என்று யார் கண்டார்? சாரைக்குச் சீக்கு வந்தால் எலிக்குக் கொண்டாட்டம். திருச்சியிலிருந்து தஞ்சாவூர் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்தான்.

வெளிநாட்டுப் பிராணி வளர்ப்பவர்கள் அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்று 2024-ல் விதிகள் வந்துவிட்டன. மேன்ஷனில் பக்கத்து ரூம்காரர் கண்ணாடித் தொட்டியில் ஏதாவது வைத்துக்கொண்டு முழிக்கிறாரா? வெண்ணாற்றங்கரைப் பக்கம் போக விடாதீர்கள். வனத்துறைக்கு ஒரு போன் போடச் சொல்லுங்கள்.