கரண்ட் வைக்கும் எட்டு வாரங்கள்

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு 'கரண்ட் வைக்க', அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு, இரண்டு பெண்கள் போகிறார்கள். இருவருக்கும் நோய் ஒரே கட்டம், கதிர்வீச்சும் ஒரே அளவு. ஒருவருக்குக் கட்டி கரைகிறது. இன்னொருவருக்கு மறுபடி வருகிறது. கட்டிக்குள் எந்த மரபணு எவ்வளவு முனைப்பாக இயங்குகிறது என்பதும் இதற்கு ஒரு காரணம். சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தில் டாக்டர் டி. ராஜ்குமார் குழுவினர் ஏழு மரபணுக்களின் இயக்கத்தை அளந்து, கதிர்வீச்சின் பலனை முன்கூட்டியே கணிக்க முயன்றார்கள். அந்த ஆய்வு 2009-இல் வெளியானது. அருமையான முயற்சிதான். ஆனால் அப்படியொரு சோதனை அன்றாடச் சிகிச்சைக்குள் இன்னும் வந்து சேரவில்லை.

மரபணு நம் கையில் இல்லை. வேறு இரண்டு விஷயங்கள் நம் கையில் இருக்கின்றன. ஆக்சிஜன் குறைந்த கட்டியில் கதிர்வீச்சு சரியாக வேலை செய்யாது. ரத்தசோகை உள்ள பெண்ணுக்கு அந்த ஆபத்து அதிகம். அடுத்தது நாள் கணக்கு. வெளியிலிருந்து ஐந்து வாரம், பிறகு உள்ளே வைக்கும் கதிர்வீச்சு, எல்லாம் எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும். இடையில் நின்றால் மிச்சமிருக்கும் செல்கள் மறுபடி பெருகும்.

குருசாமிபாளையத்தில் தறிக்குத் தார் சுற்றும் ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். வாரத்தில் ஐந்து நாள் ராசிபுரத்திலிருந்து சேலத்துக்கு பஸ். மூன்றாம் வாரம் வயிற்றுப்போக்கு, அசதி. கூலி நின்றுபோயிருக்கும். ரத்தப்போக்கு நின்றதும் "அதான் சரியாயிருச்சே" என்று வீட்டிலேயே சொல்வார்கள். காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைச் செலவைத் தாங்கும், போன கூலியைத் தராது. அந்த எட்டு வாரமும் தறி முதலாளியும் சேகோ ஆலைக்காரரும் வேலையைக் காத்து வைத்து முன்பணம் கொடுக்கட்டும். ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தால் நம் இளைஞர்கள் முன்கூட்டியே பெயர் கொடுத்திருக்கட்டும். கணவரோ மகனோ கூடப் போகட்டும். இதைப் பெண்கள் பாடு என்று ஒதுக்குவதை ஆண்கள் விட்டாக வேண்டும்.

கரண்ட் வைக்கும் நிலையே வராமல் தடுக்கவும் முடியும். திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-இல் தொடங்கிய ஆய்வில், 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் எளிய சோதனையைச் செய்தார்கள். மாறிய திசுவை ஆரம்பத்திலேயே கண்டு அகற்றினார்கள். சோதனை நடந்த ஊர்களில் இந்த நோயால் நேர்ந்த மரணம் மற்ற ஊர்களைவிட 35 சதவீதம் குறைந்தது. நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இந்தச் சோதனைக்குக் காசு கிடையாது. மகளிர் குழுக்கள் அடுத்த கூட்டத்திலேயே ஒரு நாளைக் குறித்து, முப்பது தாண்டிய எல்லோருமாகச் சேர்ந்து போய்வரலாம். வெள்ளைப்படுதலையும், தீட்டு அடியோடு நின்ற பிறகு மறுபடி ரத்தம் பட்டதையும் செவிலியரிடம் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள்.