பங்கு வேண்டாம், தம்பி



நேற்று இரவு, என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருவன் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தான். கோடியக்கரை மணல்மேட்டில் காட்டுப்பன்றி ஒன்று வாய் கிழிந்து கிடக்கிறது. பக்கத்தில் நாலு பேர் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். கீழே, "சார், பங்கு வேணுமா?"

வேண்டாம் தம்பி. உன் பெயரையும் சொல்ல மாட்டேன். ஆனால் எல்லோருக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

"வாத்தியாருக்குப் பென்சன் வருது, பேசுவாரு" என்பீர்கள். நானும் கடலை போடுகிறவன்தான். ஒரே ராத்திரியில் அரை மா கடலையைப் பன்றி கிளறிப் போட்டதைப் பார்த்து வயிறு எரிந்தவன். விவசாயியின் கோபம் நியாயம். ஆனால் அந்தப் படத்தில் நிற்கிற நாலு பேரில் ஒருவனுக்கும் கடலைக் கொல்லை கிடையாது. கறி கிலோக் கணக்கில் விலைக்குப் போகிறது. விவசாயி பெயரைச் சொல்லி வியாபாரம் செய்யாதீர்கள்.

அந்த மணல்மேடு யார் வீட்டுச் சொத்து? எல்லோருக்கும் பொதுவான இடத்தில் அவுட்டுக்காய் வைக்கிறீர்களே, அதற்குப் பன்றி எது, பசு எது என்று தெரியுமா? போன வருடம் எங்கள் பக்கத்து வீட்டுச் சினைப்பசு அதைக் கடித்துத் தாடை பிய்ந்தது. மூன்று நாள் தண்ணீர்கூடக் குடிக்க முடியாமல் செத்தது. அந்த அம்மாவுக்கு அந்த மாடுதான் பிழைப்பு. வைத்தது யார் என்று இன்றுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. நாளை ஒரு சின்னப் பிள்ளை அதைக் கையில் எடுத்தால்?

"பன்றியைச் சுட அரசாங்கமே சொல்லிவிட்டது" என்கிறீர்கள். பாதிப் பாடம் படித்துவிட்டுப் பரீட்சை எழுதும் பழக்கம் இன்னும் போகவில்லை! 2025 ஜனவரியில் அறிவித்தது என்ன? காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ. வரை சுடக்கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதற்கு அப்பால்தான் சுடலாம், அதுவும் வனத்துறையினர் மட்டும். அவுட்டுக்காய்க்கும் சுருக்குக் கம்பிக்கும் திருட்டு மின்வேலிக்கும் எங்குமே அனுமதி இல்லை. கோடியக்கரை 1967 முதல் சரணாலயம். அதற்குள் வேட்டையாடினால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. ஒரு வேளைக் கறிக்கு இதுவா விலை?

கடலை போனவர்கள் சேதத்தைப் படம் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வாருங்கள். இழப்பீட்டு மனு நான் எழுதித் தருகிறேன். கூண்டு வைத்துப் பிடிக்கச் சொல்லிக் கிராம சபையில் சேர்ந்தே கேட்போம்.

தம்பி, வெடிக்காத காய் எங்கெங்கே கிடக்கிறது என்பது உனக்குத்தான் தெரியும். நீயாகப் போய்க் கை வைக்காதே. இடத்தைச் சொல். வனத்துறைக்கு உன்னோடு நானே வருகிறேன். ஐந்தாம் வகுப்பில் தப்பு செய்தால் எழுந்து நின்று ஒத்துக்கொள்வாய். அந்தப் பையனுக்காகக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் சார்