லேபிள்தான் போச்சு, டேட்டா போகலை!

கோடைக்கானல் டூர் போனா என்ன பண்ணுவோம்? கோக்கர்ஸ் வாக்ல போட்டோ, ஏரியில போட்டிங், பை நிறைய ஹோம்மேட் சாக்லேட். அதே மலையில 1899-ல ஆரம்பிச்ச சூரிய ஆய்வுக்கூடம் ஒண்ணு இருக்கு, பார்த்திருக்கீங்களா? 1904-லேர்ந்து, மேகம் வழிவிட்ட நாளெல்லாம் சூரியனைப் படம் பிடிச்சு வெச்சிருக்காங்க. சூரியப் புள்ளியில வாயு வெளிப்பக்கமா ஓடுதுன்னு 1909-ல ஜான் எவர்ஷெட் கண்டுபிடிச்சது இங்கேதான்.

அந்தப் பழைய தகடுகளை இப்போ டிஜிட்டலா மாத்திட்டாங்க. சரி, ஒரு தகட்டுல எழுதின தேதி அழிஞ்சுபோச்சுன்னு வெச்சுக்குங்க. படம் பளிச்னு இருக்கும். ஆனா, வருஷம் முழுக்க சூரியனோட அச்சு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் 26 டிகிரி வரை சாய்ஞ்சு தெரியும். தேதி தெரியாம அந்தச் சாய்வைக் கணக்குப் போட முடியாது. அப்போ தகட்டைத் தூக்கிப் போட்டுடலாமா? கூடவே கூடாது! நடுவுல இருக்கிற புள்ளி ஒரு நாளைக்குச் சுமார் 13 டிகிரி நகரும். முன்னே பின்னே உள்ள தகடுகளோட ஒப்பிட்டா, இது எந்த நாளோடதுன்னு படமே காட்டிக்கொடுத்துடும்.

இப்போ உங்க லேபுக்கு வாங்க. லினக்ஸ்ல மூணு டிஸ்க் சேர்த்து ரெய்டு-5 போட்டு, ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் மொத்தத்தையும் அதுல வெச்சிருக்கீங்க. யாரோ புண்ணியவான் அந்த டிஸ்க்குகளை விண்டோஸ்ல மாட்டி, 'இனிஷியலைஸ்' கேட்டதும் ஓகே தட்டிட்டார். திரும்ப மாட்டினா, 'எம்.டி.ஏ.டி.எம். எக்ஸாமின்' கையை விரிக்குது: சூப்பர்பிளாக் இல்லையாம்!

நடந்தது இதுதான். இப்போ வழக்கத்துல இருக்கிற 1.2 வகை மெட்டாடேட்டா, டிஸ்க்கோட ஆரம்பத்துலேர்ந்து 4 கேபி தள்ளி உட்கார்ந்திருக்கும். பார்ட்டிஷன் போடாம முழு டிஸ்க்கையும் ரெய்டுக்குக் கொடுத்திருந்தா, புது ஜிபிடி அட்டவணை முதல் 17 கேபியை எடுத்துக்கும். லேபிள் மேலேயே பெயின்ட் அடிச்ச கதை! டேட்டா அதுக்கு ரொம்பத் தள்ளித்தான் ஆரம்பிக்கும். பத்திரமா இருக்கும்.

இந்த நேரத்துல பதறிப்போய் 'கிரியேட்' கமாண்டைத் தட்டினீங்க, செத்தீங்க. ரெய்டு-5ல அது கடைசி டிஸ்க்கை மறுபடி கணக்குப் போட்டு எழுத ஆரம்பிச்சுடும். வரிசை தப்பா இருந்தா அங்கே நிஜமாவே டேட்டா காலி.

முதல்ல டிஸ்க்குகளைக் காப்பி எடுங்க. இல்லேன்னா டிஎம்செட்டப் வெச்சு மேலே ஒரு ஓவர்லே போடுங்க. ட்ரேசிங் பேப்பர் மாதிரி, நீங்க கிறுக்கறது எல்லாம் அதுலதான் விழும். அதுக்கு மேல 'அஸ்யூம் க்ளீன்' சேர்த்து கிரியேட் பண்ணலாம். மூணு டிஸ்க்குன்னா ஆறு வரிசைதான். ஒவ்வொண்ணா போட்டு, எதையும் எழுதாம ஃபைல் சிஸ்டத்தை மட்டும் செக் பண்ணுங்க. சரியான வரிசை வந்தா எர்ரர் மழை நிக்கும். ஒரு பெரிய வீடியோவை ஓட்டிப் பாருங்க, நடுவுல கட்டம் கட்டமா உடையாம ஓடணும்.

ஆறும் தோத்தா சங்க் சைஸையும் டேட்டா ஆஃப்செட்டையும் சந்தேகப்படுங்க. எம்.டி.ஏ.டி.எம். வெர்ஷன் மாறினா இந்த டீஃபால்ட்டும் மாறும். பழசுல சங்க் 64 கேபி, இப்போ 512. என்னைக் கேட்டா, நிறைய பேர் கோட்டை விடுறது இந்த ஆஃப்செட்லதான்.

உங்க ரெய்டு இன்னிக்கு நல்லா ஓடுதா? அப்போ 'எக்ஸாமின்' அவுட்புட்டை ஒரு பேப்பர்ல பிரின்ட் எடுத்து, பக்கத்துல டிஸ்க் சீரியல் நம்பரையும் எழுதி, கேபினெட் உள்பக்கம் ஒட்டிடுங்க. எஸ்டிஏ, எஸ்டிபின்னு எழுதிடாதீங்க, ரீபூட் பண்ணினா அது மாறிடும்!