குறுக்குவழிச் சாவிகள்: மனனம் மட்டும் போதுமா?



தகவல், தொடர்பாடல் தொழினுட்பவியல் பாடத்துக்காக ஓர் அட்டவணையை நீங்கள் மனனம் செய்திருப்பீர்கள். கொன்ட்ரோல் சாவியுடன் சி அழுத்தினால் பிரதி செய்யலாம். வி அழுத்தினால் ஒட்டலாம். எஸ் அழுத்தினால் சேமிக்கலாம். பல்தேர்வு வினாக்களுக்கு இது உதவும். ஆனால் இத்துடன் நின்றுவிடுவது போதாது. ஒவ்வொரு மாணவரும் ஒரு தடவையேனும் தமக்கென ஒரு குறுக்குவழிச் சாவியைத் தாமே அமைத்துப் பார்க்க வேண்டும் என்பதே எனது கருத்தாகும்.

ஏன் அவ்வாறு கூறுகிறேன்? ஒரு சாவிக்கும் அது செய்யும் வேலைக்கும் இடையே இயல்பான தொடர்பு எதுவும் இல்லை. நீங்கள் சாவியை அழுத்தும்போது சாவிப்பலகை ஒரு குறியீட்டை மட்டுமே கணினிக்கு அனுப்புகிறது. அதைக் கொண்டு என்ன செய்வது என்பதை மென்பொருளே தீர்மானிக்கிறது. ஆங்கில அரிச்சுவடியின் இரண்டாம் எழுத்தைக் கொன்ட்ரோலுடன் அழுத்திப் பாருங்கள். மைக்ரோசொப்ட் வேர்ட்டில் எழுத்துகள் தடிப்பாகும். பயர்பொக்ஸ் உலாவியில் புத்தகக்குறிப் பக்கப்பட்டி திறக்கும். சாவிகள் அவையே, வேலை வேறு. வன்பொருளுக்கும் மென்பொருளுக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் அரிது.

இந்தச் சேர்க்கைகளைத் தெரிவு செய்தவர்களும் மனிதர்களே. 1981 இல் வெளிவந்த ஐ.பி.எம். தனியாள் கணினிக்காக கொன்ட்ரோல், ஓல்ட், டிலீட் என்னும் சேர்க்கையை அமைத்தவர் பொறியியலாளர் டேவிட் பிராட்லி. கணினியை மீளத் தொடக்கும் கட்டளை தற்செயலாக அழுத்துப்படக் கூடாது என்பதற்காக, இரு கைகளும் தேவைப்படும் வகையில் ஒன்றுக்கொன்று தூரத்திலுள்ள சாவிகளை அவர் தெரிந்தெடுத்தார். நீங்களும் அவ்வாறே காரணம் கண்டு தெரிவு செய்யலாம்.

கணித வினாக்களைத் தட்டச்சுச் செய்யும்போது வர்க்கமூலக் குறி அடிக்கடி தேவைப்படும். ஒவ்வொரு தடவையும் சுட்டியினால் தேடுவது நேர விரயம். வேர்ட்டில் இன்சேர்ட், சிம்பல், மோர் சிம்பல்ஸ் எனச் சென்று குறியைத் தெரிவுசெய்யுங்கள். ஷோர்ட்கட் கீ என்னும் பொத்தானை அழுத்தி, நீங்கள் விரும்பும் சாவிச் சேர்க்கையை அழுத்துங்கள். அது ஏற்கெனவே வேறொரு வேலைக்கு ஒதுக்கப்பட்டிருந்தால் அந்தப் பெட்டியிலேயே காட்டப்படும். அவ்வாறாயின் வேறொன்றைத் தெரிவுசெய்து, அசைன் என்பதை அழுத்துங்கள்.

"பரீட்சையில் இது கேட்கப்படுமா?" எனச் சிலர் வினவலாம். நேரடியாகக் கேட்கப்படாமல் போகலாம். ஆயினும் ஒரு கட்டளை எவ்வாறு சாவியுடன் இணைக்கப்படுகின்றது என்பதைக் கையாலேயே செய்து பார்த்தவர், அட்டவணையை இலகுவில் மறக்கமாட்டார்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். பாடசாலைக் கணினி உங்களுக்கு மட்டும் உரியதன்று. கொன்ட்ரோல் எஸ் சேர்க்கையை வேறு வேலைக்கு நீங்கள் மாற்றிவிட்டால், அடுத்து வரும் மாணவர் தமது வேலையைச் சேமித்துவிட்டதாக எண்ணி எழுந்து செல்வார். மின்சாரம் தடைப்பட்டால் அவரது உழைப்பு முழுவதும் வீணாகும். ஆகையால் எல்லோருக்கும் பொதுவான சேர்க்கைகளை மாற்றாதீர்கள். ஆசிரியரின் அனுமதியைப் பெற்றுக்கொள்ளுங்கள். மாற்றத்தைச் சேமிக்கும் இடமாகப் பொது வார்ப்புருவைத் தெரிவு செய்யாது, உங்கள் ஆவணத்தையே தெரிவு செய்யுங்கள். அப்போது அம்மாற்றம் உங்கள் ஆவணத்துடன் நின்றுவிடும்.

மாணவர்களே, பொதுவானவற்றை முதலில் நன்கு கற்றுக்கொள்ளுங்கள். பின்னர் தேவைக்கேற்ப உங்களுடையதை உருவாக்குங்கள். பிறர் அமைத்ததைப் பயன்படுத்துவதுடன் நின்றுவிடாது, தமது தேவைக்கேற்ப கணினியை அமைத்துக்கொள்பவரே அதனை உண்மையாகக் கற்றவராவார்.